சின்ன மாற்றுப் பள்ளிக்கூடங்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பகிர்வு 1 (பெற்றோர், திருவண்ணாமலைப் பக்கம்)

எங்கள் பள்ளியில் காலையில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் வட்டமாக உட்கார்ந்து மனதில் உள்ளதைப் பேசுவார்கள், அதுதான் காலை வட்டம். ஆசிரியர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். மகளை விடப் போனவள் அப்படியே ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். ஏழு வயதுப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "அக்கா, நேத்து என்னைக் கத்துனீங்க. தண்ணியைக் கொட்டுனது நான் இல்ல" என்றான். அத்தனை பேர் முன்னால்! அந்த அக்கா எழுந்து வந்து அவன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ஆமாடா, விசாரிக்காம கத்திட்டேன், மன்னிச்சிரு" என்றார். அவன் சரி என்று தலையாட்டினான். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. நான் செய்யாத தப்புக்கு வகுப்பு வாசலில் முட்டி போட்டவள். அதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஆனாலும் இங்கே பொதுத்தேர்வு கிடையாது, பத்தாம் வகுப்புக்கு என்ன செய்வது என்ற பயம் இருக்கிறது.

பகிர்வு 2 (ஆசிரியர், தருமபுரி)

கணக்கு நோட்டை எடுத்தாலே மரத்தில் ஏறிவிடும் பையன். அன்று பள்ளியில் சமைப்பது அவன் முறை. எட்டுப் பேருக்கு அரைக் கிலோ சாமை என்று நாற்பது பேருக்கு அளந்து வைத்திருந்தான். கோயில் திருவிழா, பன்னிரண்டு பேர் வரவில்லை என்றேன். கொஞ்சமும் யோசிக்காமல், "அப்ப முக்கால் கிலோ எடுத்துடணும்ணா" என்று தராசை நோக்கிப் போனான். மறுநாள் அதே கணக்கை நோட்டில் எழுதிக் கொடுத்தேன். ஏறிவிட்டான் மரத்தில். அடுப்படியில் வந்தது நோட்டில் ஏன் வரவில்லை? யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பகிர்வு 3 (பெற்றோர், கோவை)

ஆசிரியரே, அவனுக்குக் கணக்கு வருகிறது, எழுத்துதான் வரவில்லை. அதை ஏன் பிரச்சினையாக்குகிறீர்கள்? என் மகனும் பன்னிரண்டு வயது வரை இப்படித்தான் இருந்தான்.

முதலில் எழுதிய அம்மாவுக்கு: பயப்பட வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி (NIOS என்ற மத்திய அரசு வாரியம்) மூலம் பத்தாவது எழுதலாம். 14 வயது முடிந்திருந்தால் போதும். ஐந்து பாடம், அதில் ஒன்றாவது மொழிப்பாடம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதத் தேவையில்லை, 5 வருடம் வரை பிரித்துப் பிரித்து எழுதலாம். பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. தமிழிலேயே எழுத முடியும். பதிவு செய்யும்போது பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், இனிஷியலில்தான் இழுத்தடிப்பார்கள். பதினொன்றாவதுக்கு எந்தப் பள்ளி என்பதை ஒரு வருடம் முன்பே நேரில் போய்க் கேட்டு வையுங்கள். அறிவியல் பிரிவு என்றால் எந்தெந்தப் பாடம் எழுதியிருக்க வேண்டும் என்பதையும் கேளுங்கள்.

பகிர்வு 4 (பழைய மாணவி)

கோவைக்காரர் சொன்ன சான்றிதழ் வேலையெல்லாம் எளிதாக முடிந்தது. கஷ்டம் அதற்கு அப்புறம்தான்.

பதினொன்றாவதில் பெரிய பள்ளி. இயற்பியல் வகுப்பில் புரியவில்லை என்று கையைத் தூக்கி, பழக்கத்தில் "அண்ணா" என்று கூப்பிட்டுவிட்டேன். மொத்த வகுப்பும் சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை, "கேள்வியெல்லாம் டியூஷன்ல கேட்டுக்கோ, போர்ஷன் முடியணும்" என்றார். பக்கத்தில் இருந்தவள் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அந்த வருடம் முழுக்க வகுப்பில் நான் எதுவும் கேட்கவில்லை. மதிப்பெண் நன்றாகத்தான் வந்தது.

அம்மா, உங்கள் மகளை மாற்றும்போது பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். ஒரு வகுப்பில் பத்து நிமிடம் உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். அங்கே எந்தப் பிள்ளையாவது கையைத் தூக்குகிறதா என்று பாருங்கள்.