பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ஏற்பிப் புரதத்தில் மருந்து பிணையவில்லை: எங்கே பிழை?

கேள்வி:

வணக்கம். நான் மருந்தியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி. மறுசேர்க்கை முறையில் தயாரித்த மனித பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ஏற்பி (அட்ரினலின் பிணையும் செல் சவ்வுப் புரதம்) என்று சீட்டு ஒட்டிய புரதக் குப்பி ஒன்றை வாங்கினோம். இந்த ஏற்பியில் பிணையும் மருந்தான, கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய டைஹைட்ரோ-அல்ப்ரினலாலைக் கொண்டு பிணைப்புச் சோதனையை நான்கு முறை செய்துவிட்டேன். அதே இடத்துக்குப் போட்டியிடும் புரோப்ரனலாலை மிகுதியாகச் சேர்த்த குழாயிலும் சேர்க்காத குழாயிலும் ஒரே கதிரியக்க எண்ணிக்கைதான் வருகிறது; அதாவது ஏற்பியில் மருந்து பிணையவே இல்லை. ஆனால் புரதங்களை எடைப்படி பிரித்து எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் இந்த ஏற்பிக்கான எதிர்ப்பொருள் கூர்மையான ஒற்றைப் பட்டையைக் காட்டுவதால், புரதம் கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியவில்லை. பட்டை 35 கிலோடால்டன் அருகே நிற்கிறது. ஆராய்ச்சி உதவித்தொகையில் வாங்கிய குப்பி என்பதால், மீதியையும் வீணாக்கிவிடுவேனோ என்று கவலையாக இருக்கிறது.

பதில் 1:

பஃபரில் டைசல்பைடு பிணைப்புகளை அறுக்கும் டி.டி.டி. (டைதயோதிரெய்டால்) இருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஏற்பியின் வெளிப்புறத்தில் 106ஆம் அமினோ அமிலத்துக்கும் 191ஆம் அமினோ அமிலத்துக்கும் இடையே ஒன்று, 184க்கும் 190க்கும் இடையே ஒன்று என இரண்டு டைசல்பைடு பிணைப்புகள் உள்ளன. அவை அறுந்தால் மருந்து அமரும் குழியின் வடிவமே குலைந்துவிடும்.

கேட்டவர்:

டி.டி.டி. சேர்க்கவில்லை, ஐயா.

பதில் 2:

அப்படியென்றால் பிழை உங்கள் கையில் இல்லை, குப்பிக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். முழு ஏற்பியில் 413 அமினோ அமிலங்கள். சர்க்கரைச் சங்கிலிகளைச் சேர்க்காமலே அதன் எடை ஏறத்தாழ 46 கிலோடால்டன். பூச்சிச் செல்லிலோ பாலூட்டிச் செல்லிலோ உருவானது என்றால் சர்க்கரை ஏறியிருக்கும் என்பதால், பட்டை பரந்து மங்கலாகத்தான் தெரியும். உங்களுடையதோ சிறியது, கூர்மையானது. குப்பியோடு வந்த விவரத்தாளில் அமினோ அமில எண்களையும், எந்த உயிரியில் தயாரித்தார்கள் என்பதையும், ஒட்டுப்புரதம் (தூய்மையாக்க உதவியாக இணைக்கும் வேறொரு புரதம்) ஏதேனும் உண்டா என்பதையும் படித்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்:

இரண்டாம் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது: 330 முதல் 413 வரை, ஈ. கோலை பாக்டீரியா, ஜி.எஸ்.டி. (குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்பெரேஸ்) ஒட்டு. முதல் பக்கத்தில் ஏற்பியின் பெயர் மட்டுமே இருந்ததால் நான் புரட்டிப் பார்க்கவில்லை.

பதில் 2:

கணக்கு சரியாகப் பொருந்துகிறது. 84 அமினோ அமிலங்கள் ஏறத்தாழ 9 கிலோடால்டன், ஜி.எஸ்.டி. 26, கூட்டினால் 35. இந்த ஏற்பி செல் சவ்வை ஏழு சுருள்களாக ஏழு முறை ஊடுருவிச் செல்கிறது. அந்தச் சுருள்களுக்கு நடுவே, மூன்றாம் சுருளில் 113ஆம் இடத்திலுள்ள அஸ்பார்டிக் அமிலமும் ஐந்தாம் சுருளின் செரீன்களும் ஏழாம் சுருளில் 312ஆம் இடத்திலுள்ள அஸ்பரஜீனும் சேர்ந்துதான் மருந்தைப் பிடிக்கின்றன. நீங்கள் வாங்கியது செல்லுக்குள் தொங்கும் வால் பகுதி மட்டும். அதில் சவ்வை ஊடுருவும் சுருளும் இல்லை, குழியும் இல்லை. உங்கள் எதிர்ப்பொருளும் அந்த வாலை அடையாளம் காண்பதற்கென்றே தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும்; அதனால்தான் பிளாட் நன்றாக வந்தது. குப்பியை எறிய வேண்டாம்: எதிர்ப்பொருளைச் சோதிக்கவும், வாலில் பாஸ்பேட் ஏற்றும் கைனேஸ் நொதிச் சோதனைகளுக்கும் அது பயன்படும். பிணைப்புச் சோதனைக்கு மட்டும் ஆகாது.

கேட்டவர்:

இனி எதை வாங்கலாம்?

பதில் 3:

தூய்மையாக்கிய முழு ஏற்பிதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், ஏற்பியின் மரபணுவைப் புகுத்திய ஹெச்.இ.கே. 293 (மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து வந்த) செல்களின் சவ்வுத் தயாரிப்பே போதும். கொழுப்புப் படலத்திலேயே புரதம் இருப்பதால் வடிவம் நிலைக்கும். பிணையாத மருந்தைக் கழுவி நீக்கும் வடிகட்டித் தாளிலும் தங்கும். தூய்மையாக்கிய ஏற்பியைக் கையாள வேண்டி வந்தால் சவ்வுப் புரதத்தைக் கரைத்து வைக்கும் டி.டி.எம். (டோடெசில் மால்டோசைடு) டிடர்ஜென்டோடு கொலஸ்டிரால் ஹெமிசக்சினேட்டும் வேண்டும். கரைந்த நிலையிலுள்ள ஏற்பி சாதாரணக் கண்ணாடியிழைத் தாளில் நிற்காமல் வழிந்தோடிவிடும் என்பதால், தாளை முன்கூட்டியே பாலிஎதிலீனிமீனில் ஊறவைக்க வேண்டும்.

ஜெல்லில் ஏற்றுமுன் 95 டிகிரியில் கொதிக்க வைக்காதீர்கள். சவ்வுப் புரதம் திரண்டு கிணற்றின் வாயிலேயே நின்றுவிடும்; அறை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தாலே போதும்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். ஹெச்.இ.கே. செல்களில் இயல்பாகவே இந்த ஏற்பி சிறிதளவு உண்டு. ஆகவே மரபணு புகுத்தாத செல்களின் சவ்வையும் ஒப்பீட்டுக்காக வாங்கி, அதே நாளில், அதே கதிரியக்கக் கரைசலில் சோதியுங்கள்.

கேட்டவர்:

நன்றி. இரண்டு சவ்வுகளுக்கும் விண்ணப்பம் எழுதிவிட்டேன். இந்த முறை விவரத்தாளில் "1 முதல் 413 வரை" என்று இருப்பதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துக்கு அனுப்பினேன். பழைய குப்பியின் மூடியில் "வால் மட்டும், 330–413" என்று எழுதி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன்.