உடம்பு முதலாளியுடையது என்றால் நான் யார்?

டர்பன்வாசி:
1995-இல் வந்த 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். அதன் நாயகி மேஜர் குசனாகிக்கு மூளையைத் தவிர மற்றதெல்லாம் இயந்திரம். வேலையை விட்டால் உடம்பையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். அப்புறம் தூக்கமே வரவில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா ஐந்து வருட ஒப்பந்தத்தில் இங்கே தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். கப்பல் பட்டியலில் அவருக்கு ஒரு எண், வயது, ஊர், உடம்பில் ஒரு தழும்பு. இரண்டையும் முடிச்சுப் போடுவது அதிகப்படியா?

சாட்ஸ்வர்த் அக்கா:
இல்லை தம்பி. 1984-இல் வந்த 'நியூரோமான்சர்' நாவலைப் படி. கேஸ் என்பவனை வேலைக்கு எடுத்து, அவனுடைய கெட்டுப்போன நரம்புகளைச் சரிசெய்ய வைக்கும் ஆளே அவன் ரத்தக் குழாய்களில் விஷப் பைகளையும் ஒட்டவைக்கிறான். சொன்ன நாளில் வேலை முடியாவிட்டால் பை கரைந்துவிடும். இதுவும் ஒப்பந்தம்தானே!

ஃபீனிக்ஸ் மாமா:
எனக்கு ஒப்பவில்லை. நீ பார்த்த படத்தில் குப்பை வண்டி ஓட்டுபவனுக்கு மனைவி, மகள் நினைவே பொய். யாரோ மூளையில் ஏற்றியது. நம் ஆட்களுக்கு நினைவு சரியாகவே இருந்தது, காகிதம்தான் தப்பு. கவுண்டர் என்ற பெயர் கோவெண்டர் ஆனது. ஆனாலும் ஆள் காவடி எடுத்தார், ஊர்ப் பெயரைப் பேரனுக்குச் சொன்னார்.

டர்பன்வாசி:
சரி மாமா. ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. இப்போது அந்தப் பட்டியலில்தான் தேடுகிறேன்.