நைட் டியூட்டி முடித்து பகலில் எப்படித் தூங்குகிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். நான் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸ். மாதத்தில் 10 நாள் நைட் டியூட்டி, இரவு 8 முதல் காலை 8 வரை. நாலு வருஷமாக இப்படித்தான். இப்போதுதான் பயம் வந்திருக்கிறது.

போன வாரம், விடியற்காலை 4 மணி இருக்கும். மருந்தை மெல்ல மெல்ல உடலில் ஏற்றும் சிரிஞ்ச் பம்ப்பில், வேகத்தை 2.5 என்று வைக்க வேண்டியதை 25 என்று அழுத்திவிட்டேன். ஸ்டார்ட் பட்டனைத் தொடுவதற்குள் கூட இருந்த அக்கா பார்த்துக் கையைப் பிடித்துவிட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் விடியும்வரை கை நடுக்கம் அடங்கவில்லை.

அந்த நேரத்தில் உடல் வெப்பம் இறங்கும், கவனமும் மங்கும் என்று படித்தேன். மூளைக்குள் இருக்கும் கடிகாரம் கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்துத்தான் நேரம் பார்க்கிறது. காலை வெயிலில் பஸ்ஸில் வந்தால் அதற்குப் பகல் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து படுத்தால் மூன்று மணி நேரம் தூங்கினால் பெரிது. அதற்குள் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்.

அனுபவமுள்ள அக்கா, அண்ணன்கள் சொல்லுங்கள். வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டது உதவியதா? காபியைக் கடைசியாக எத்தனை மணிக்குக் குடிக்கிறீர்கள்? அப்புறம், இடையில் 20 நிமிடம் கண்ணயர இன்சார்ஜிடம் எப்படிக் கேட்டீர்கள்? நாளை மறுநாள் மறுபடியும் நைட்.