மாநிறத் தோல் சாம்பல் அடிக்கிறது: முறம் புடைக்கும் பெண் ஓவியம்

தூரிகைமுனை கேட்டது:
18×24 அங்குல கேன்வாஸ், எண்ணெய் வண்ணம். வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் புடைக்கும் நடுவயதுப் பெண், இடப்பக்கம் காலை வெயில். தோலுக்கு பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), டைட்டானியம் வெள்ளை. நிழலுக்கு அதிலேயே ஐவரி கறுப்பு. வெளிச்சப் பக்கம் மாவு பூசிய மாதிரி வெளிறி இருக்கு, நிழலில் உயிரே இல்லை. கைபேசிப் படத்தைப் பார்த்து வரைந்தது. கைகளும் முகத்தைவிடப் பெரிதாகத் தெரிகின்றன. எங்கே தொடங்கிச் சரிசெய்யலாம்?

நிழல்மணி:
வெள்ளைதான் காரணம். டைட்டானியம் வெள்ளை நிறத்தை வெளுப்பதோடு குளிரவும் வைக்கும். நடு டோனை (வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்ட நிறம்) வெள்ளையே சேர்க்காமல் கலக்குங்கள்: பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 2 பங்கு, ஆக்கர் 1 பங்கு, அல்ட்ராமரைன் (நீலம்) கால் பங்குக்கும் குறைவு. வெளிச்சத்துக்கு ஆக்கரைக் கூட்டி, கடைசியில் மட்டும் துளி வெள்ளை. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், ஆக்கரோடு சேர்ந்தால் பாசிப்பச்சை அடிக்கும். சியன்னாவும் அல்ட்ராமரைனும், துளி அலிசரினும் (கருஞ்சிவப்பு) போதும். நிழலை மெல்லிசாக விட்டு, வெளிச்சத்தைத் தடிமனாக வையுங்கள்.

வெயில் நேராகப் படும் கன்ன எலும்பில் மினுக்கு இளமஞ்சள்; நிழலுக்குள் வானத்தைப் பார்க்கும் இடங்களில் நீலச்சாம்பல். ஒரே தீற்றில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தேய்த்தால் மறுபடி மாவுதான். முறத்துத் தானியத்தில் பட்ட வெயில் மோவாயின் அடிப்பக்கத்துக்கு மஞ்சளாகத் திரும்பும், அதை விட்டுவிடாதீர்கள்.

கோட்டுக்காரர்:
கை பெரிதானதுக்குக் காரணம் கிட்ட நின்று படம் எடுத்ததுங்க. 3 அடியிலிருந்து எடுத்தால் முன்னால் நீட்டியிருப்பது வீங்கும். 8 அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்க. அளவுக்கு: மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை வைத்தால், மோவாயிலிருந்து நெற்றியின் மேல்பாதிவரை வரும். விரல் முட்டிகள் மற்ற இடத்தைவிடக் கருத்திருக்கும், உள்ளங்கை ஓரம் மட்டும் சிவந்த இளநிறம். முறத்தின் விளிம்பை அழுத்தும் கட்டைவிரல் நகம் நுனியில் வெளிறணும். இல்லைன்னா முறத்துக்குக் கனமே வராது.

வெர்மிலியன்:
கறுப்பை ஒரேயடியாக விரட்ட வேண்டாமே. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) ஐவரி கறுப்பு, ஆக்கர், வெர்மிலியன் (சிவப்பு), வெள்ளை என்ற சின்ன வண்ணத்தட்டுக்குப் பேர்போனவர். கிராமத்துப் பெண்களை நிறைய வரைந்தவரும்கூட. அந்தத் தட்டில் சிவப்பு இருக்கிறது, உங்கள் கலவையில் இல்லை.

தூரிகைமுனை:
நன்றி. வரைந்ததை முழுக்கச் சுரண்டணுமா?

நிழல்மணி:
வெளிச்சப் பக்கத்துக்குத் தேவையில்லை. நன்றாகக் காய்ந்தபின் பர்ன்ட் சியன்னாவை லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயில் நீர்க்கக் கரைத்து மெல்லிய பூச்சு கொடுங்கள், சூடு திரும்பும். நிழலுக்கு அது உதவாது, இன்னும் இருளும். ஈரமாக இருந்தால் கத்தியால் வழித்தெடுத்துவிடுங்கள். ஐவரி கறுப்பு மெதுவாகக் காயும். அரைகுறையாகக் காய்ந்ததன்மேல் சீக்கிரம் காயும் அம்பரைப் பூசினால் பின்னாடி விரிசல் விடும்.