ரெண்டு பக்கமும் கடல் இருக்கிற ஊரில் நிலக்காற்று எங்கிருந்து வரும்?

தென்கடல்காரன் (மண்டபம்):
மகன் ஒன்பதாவது படிக்கிறான். இடைப்பருவத் தேர்வில் "நிலக்காற்று என்றால் என்ன?" என்று 2 மார்க் கேள்வி. இவன் எழுதியது: "இரவில் கடலை விட நிலம் சீக்கிரம் குளிரும். அதனால் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். ஆனால் எங்கள் ஊரில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ராத்திரியும் தென்கடலிலிருந்துதான் காற்று வருகிறது." கடைசி வரியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "தேவையில்லாதது" என்று எழுதி ஒரு மார்க் குறைத்துவிட்டார்கள். போய்க் கேட்டதற்கு, "புத்தகத்தில் இருக்கிறதை மட்டும் எழுது" என்றார்களாம். பையன் பொய்யா எழுதினான்? நான் நாட்டுப்படகில் போகிறவன். காற்றைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும்.

கீழக்கரைவாசி:
அநியாயம். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976லேயே 42வது திருத்தம் அரசமைப்பில் எழுதிவைத்துவிட்டது, 51ஏ பிரிவு. கலாமுக்கு அவருடைய ஆசிரியர் பறவை பறப்பதைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். நம் ஊரில் நடந்த கதை. இன்றைக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது, பையனிடம் "பார்க்காதே" என்கிறோம்.

தொண்டி டீச்சர்:
கலாமைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள், சார். ராமநாதபுரத்தில் கல்வி பற்றி யார் வாய் திறந்தாலும் முதலில் அவர்தான் வருகிறார். நான் 20 வருஷத்துக்கு மேல் அறிவியல் எடுக்கிறேன். ஒரு வகுப்பில் 45 பேர். "ஆனால்" என்று ஒரு வரி வந்தால், பிள்ளை புரிந்து எழுதினானா, குழம்பி எழுதினானா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. பத்தாவது பொதுத்தேர்வில் இவனைத் தெரியாதவர்தான் திருத்துவார், கையில் விடைக்குறிப்போடு. முதலில் பாடத்தைச் சரியாகப் பிடிக்கட்டும், கேள்வி பிறகு கேட்கலாம்.

தென்கடல்காரன்:
பிறகு என்றால் எப்போது டீச்சர்? பாடத்தை அவன் முதல் இரண்டு வரியிலேயே சரியாக எழுதிவிட்டானே.

தங்கச்சிமடம் அம்மா:
நான் டீச்சர் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டுகிற முதல் ஆள் என் மகள்தான். பாலிடெக்னிக்கில் இடம் கேட்கும்போது "உன் கருத்து என்ன" என்று யாரும் கேட்கப்போவதில்லை, மார்க்கைத்தான் கேட்பார்கள். சுயமாக யோசிப்பது மேலே ஏறியவர்களுக்குச் சரி. நாங்கள் இன்னும் ஏணியில் நிற்கிறோம்.

கீழக்கரைவாசி:
அம்மா, மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய நான்தான் கல்லூரி முதல் வருஷம் இயற்பியலில் ஃபெயில் ஆனேன். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். ஏணியில் நிற்கிறவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

தொண்டி டீச்சர்:
அது சரி. ஆனால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். "மீன்பிடித் தடைக்காலம் எதற்கு?" என்று வகுப்பில் கேட்டேன். ஒருவன் எழுந்து, "சும்மா டீச்சர், அப்போ மீன் முட்டையே போடாது" என்றான். யார் சொன்னது? அப்பா. 2017க்கு முன்னால் 45 நாள், இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அதனால் வீட்டில் கோபம் இருக்கும், புரிகிறது. ஆனால் எந்த மீன் எந்த மாதம் சினையாக இருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. புத்தகத்துக்குப் பதில் அப்பாவை மனப்பாடம் செய்திருக்கிறான். இதற்குப் பெயர் சுய சிந்தனையா?

தென்கடல்காரன்:
சுருக்கென்று இருக்கிறது. ஆனால் மீனை அறுத்துப் பார்க்கிறவர்கள் நாங்கள்தான். தடை முடிந்த பிறகும் சினை மீன் வருகிறது.

தொண்டி டீச்சர்:
வரட்டும் அண்ணே, அதையே எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த மீன், எந்த மாதம், பத்து அறுத்தால் எத்தனையில் சினை. அப்போது நானும் சேர்ந்து சண்டை போடுகிறேன். உங்கள் மகனுக்கும் அதேதான். ராத்திரி எத்தனை மணிக்குப் பார்த்தான்? எத்தனை நாள்?

வடகடல் பையன் (பாம்பன்):
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தம்பி எழுதியது அறிவியலுக்கு எதிரானது இல்லை. நிலக்காற்றும் கடற்காற்றும் பெரிய காற்று ஓய்ந்திருக்கும்போதுதான் நன்றாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடித்தால் இந்தச் சின்னக் காற்று அதற்குள் அமுங்கிவிடும். பாம்பன் காற்று சாதாரணமா? பழைய ரயில் பாலத்தில் காற்றுமானி வைத்து, மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள். அப்புறம் இன்னொன்று. மண்டபத்தில் வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். நடுவில் ஒரு துண்டு நிலம். பகலில் கடற்காற்று எந்தக் கடலிலிருந்து வரும்? பாடத்தில் இருக்கிற படத்தில் ஒரு பக்கம்தான் கடல். நான் படிக்கும்போது இதைக் கேட்டேன், "உட்கார்" என்றார்கள்.

தங்கச்சிமடம் அம்மா:
எங்கள் ஊரும் அப்படித்தானே! இத்தனை வருஷம் இருக்கிறேன், யோசிக்கவே இல்லை. ஆனாலும் தேர்வில் எழுத வேண்டாம் தம்பி. வகுப்பில் கேளுங்கள், தாளில் புத்தகம் போதும்.

கீழக்கரைவாசி:
இதைத்தான் காலங்காலமாகச் சொல்கிறோம். கடைசியில் வகுப்பிலும் கேட்பதில்லை.

தென்கடல்காரன் (ஐந்து நாள் கழித்து):
டீச்சர் கேட்டதை மகனிடம் சொன்னேன். மொட்டைமாடியில் கம்பு நட்டு, கேரி பேக்கைக் கிழித்துக் கட்டினான். ராத்திரி 9 மணிக்கும், நான் கடலுக்கு எழும்புகிற 4 மணிக்கும் எழுந்து பார்த்து நோட்டில் குறித்தான். நான்கு ராத்திரி. மூன்று ராத்திரி கச்சான்தான், இரண்டு வேளையும். ஒரு நாள் விடிகாலையில் மட்டும் பை அசையாமல் தொங்கியது. அன்றைக்குக் காற்றே இல்லை என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறான். இப்போது அவனுக்கே சந்தேகம். "எப்போதும்" என்று எழுதாமல் விட்டது நல்லதாப் போச்சு என்கிறான். அந்த ஒரு மார்க் கிடைக்குமா, டீச்சர்?

தொண்டி டீச்சர்:
உங்கள் பள்ளி மார்க்கை நான் எப்படி அண்ணே போடுவேன்? நோட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். திங்கட்கிழமை என் வகுப்பில் காட்ட வேண்டும். அந்தக் கேள்விக்குறியும் படத்தில் தெரிய வேண்டும்.