லக்சர்ல இருந்து டெண்டெராவுக்கு போட்ல ஒரு நாள் ட்ரிப், அம்மாவை கூட்டிட்டு போகலாமா?

தூரத்துமேகம்:
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரில நானும் அம்மாவும் எகிப்து போறோம், லக்சர்ல மட்டும் 4 நாள் தங்குறோம். கர்னாக், ராஜாக்கள் பள்ளத்தாக்கு எல்லாம் முடிவாயிடுச்சு, மிச்சம் ஒரு நாள் இருக்கு. அந்த நாள்ல நைல்ல போட்ல போய் டெண்டெராங்கிற இடத்துல ஹாத்தோர் தெய்வத்தோட பழைய கோயில் பார்த்துட்டு அதே போட்ல திரும்பி வர்ற ட்ரிப் ஒண்ணு ஹோட்டல்ல சொல்றாங்க. அம்மாவுக்கு 66 வயசு, சமதரைல எவ்வளவு வேணா நடப்பாங்க, படி ஏறினா தான் முட்டி வலி. ரெண்டு மூணு கேள்வி. போட்ல போறது நிஜமாவே நல்லா இருக்குமா இல்ல பாதி நாள் சும்மா உக்காந்திருக்கணுமா? கோயில்ல போதுமான நேரம் கிடைக்குமா? கார்ல போனா ஒண்ணே கால் மணி நேரம் தான்னு சொல்றாங்க, அப்போ எது சரி? போனவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ், அம்மா ரொம்ப நாளா ஆசைப்பட்ட பயணம் இது.

மணல்வீடு:
போன டிசம்பர்ல நான் போட்லயே போய்ட்டு வந்தேன், அதனால நடந்ததை அப்படியே சொல்றேன். காலைல 7 மணிக்கு லக்சர் கிழக்கு கரைல இருந்து கிளம்பினோம், அந்த நேரத்துல எதிர் கரை மலைக்கு மேல பலூன் எல்லாம் பறந்துட்டு இருக்கும், அதுக்காகவே ஜன்னல் ஓரம் உக்காராம மேல் டெக்குக்கு போயிடுங்க. நைல் தெற்குல இருந்து வடக்கா ஓடுற ஆறு, டெண்டெரா லக்சருக்கு வடக்க இருக்கு, அதனால போகும்போது ஓட்டத்தோட போறோம், வரும்போது ஓட்டத்தை எதிர்த்து வர்றோம். ரோட்ல 60 கிலோமீட்டர் சொச்சம் தான், ஆனா ஆறு வளைஞ்சு வளைஞ்சு போகுது. போக 5 மணி நேரம் ஆச்சு, வர அதை விட கூட. திரும்பி வந்து இறங்கும்போது ராத்திரி 7.30, குளிர்காலத்துல 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிடுது, கடைசி ரெண்டு மணி நேரம் கரை எதுவும் தெரியாது, உள்ள உக்காந்து டீ குடிச்சிட்டு வர வேண்டியது தான்.

ஆனா போற அந்த 5 மணி நேரம் எனக்கு கொஞ்சமும் போரடிக்கல. ரெண்டு பக்கமும் கரும்பு, வாழை, பேரீச்ச மரம், எருமை தண்ணில இறங்கி நிக்குது, சின்ன படகுல ஒருத்தர் துடுப்பு போட இன்னொருத்தர் நீளக் கம்பால தண்ணிய ஓங்கி அடிச்சு மீனை வலைக்கு விரட்டுறார். அந்த பச்சைக்கு பின்னாடி கொஞ்ச தூரத்துலயே மொட்டை மலையும் பாலைவனமும் ஆரம்பிச்சிடுது. எகிப்து மொத்தமும் இந்த ஒரு ஆத்தை நம்பி தான் பொழைக்குதுன்னு புத்தகத்துல படிச்சிருக்கேன், கண்ணால பார்த்தப்போ தான் மனசுல இறங்குச்சு. அம்மா மாதிரி பெரியவங்களுக்கு இது ரொம்ப பிடிக்கும், எங்கயும் ஏறி இறங்க வேணாம், சாப்பாடும் போட்லயே.

குறைன்னு பார்த்தா கோயில் நேரம் தான். பக்கத்து ஊர் கெனா கிட்ட இறக்கி பஸ்ல கூட்டிட்டு போனாங்க, கோயில்ல ஒன்றரை மணி நேரம் தான் கொடுத்தாங்க. எங்க கைடு அதுல பாதிய முன் மண்டபத்துல நின்னு பேசியே முடிச்சிட்டார், பின் சுவர் பக்கம் ஓடிப்போய் பார்த்துட்டு வந்தேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கு.

கல்வெட்டுக்காதலன்:
நான் இதுக்கு நேர் எதிரா சொல்றேன், கோபிச்சுக்காதீங்க. கோயில் தான் முக்கியம்னா கார் எடுத்துக்கோங்க. எகிப்துல மேற்கூரை முழுசா நிக்கிற, உள்ள போனா இருட்டா ஒரு கோயிலுக்குள்ள இருக்கோம்னு உணர்வு வர்ற இடம் ரொம்ப கம்மி, டெண்டெரா அதுல ஒண்ணு. அதுக்கு ஒன்றரை மணி நேரம் பத்தவே பத்தாது. கார்ல காலைல சீக்கிரம் கிளம்பினா அங்க 3 மணி நேரம் இருந்துட்டு அப்படியே அபிடோஸும் போயிடலாம், முதலாம் சேத்திங்கிற ராஜா கட்டின கோயில், 76 ராஜாக்கள் பேரை வரிசையா வெட்டி வச்சிருக்கிற சுவர் அங்க தான் இருக்கு. ஆனா ரெண்டும் சேர்த்தா நாள் முழுக்க கார்ல, அம்மா முட்டிய மடக்கியே உக்காந்திருக்கணும், அதையும் யோசிச்சுக்கோங்க.

தூரத்துமேகம்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அம்மாகிட்ட ரெண்டையும் படிச்சு காட்டினேன், "ஆத்துல போறதுனா நான் ரெடி"ன்னு சொல்லிட்டாங்க :) அப்போ போட் தான். ஒன்றரை மணி நேரம் தான்னா அதுல எதை விடாம பார்க்கணும்னு சொல்லுங்களேன். அப்புறம் யூட்யூப்ல அங்க சுவத்துல கரண்ட் பல்ப் செதுக்கி இருக்குன்னு ஒரு வீடியோ வந்துச்சு, அது எங்க இருக்கு?

நீலத்தாமரை:
சிஸ்டர், நான் ரெண்டு தடவை போயிருக்கேன், எனக்கு எகிப்துலயே ரொம்ப பிடிச்ச கோயில் இது தான், அதனால கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல உள்ள நுழைஞ்ச உடனே அண்ணாந்து பாருங்க. முன் மண்டபத்துல 24 தூண், ஒவ்வொண்ணு மேலயும் நாலு பக்கமும் ஹாத்தோர் முகம், பசுவோட காது வச்ச பெண் முகம். காதல், பாட்டு, சந்தோஷம் எல்லாத்துக்கும் அந்தம்மா தான் தெய்வம். நிறைய முகத்தை பிற்காலத்துல கொத்தி சிதைச்சிருக்காங்க, பார்க்கவே கஷ்டமா இருக்கும். ஆனா கூரைல நீலம் அப்படியே இருக்கு, வானத்து தெய்வம் நூத் உடம்பை நீட்டி படுத்திருக்கா, நட்சத்திரம், ராசி எல்லாம் படகுல போகுது. பல நூறு வருஷம் புகைக்கரி அப்பி கன்னங்கரேல்னு கிடந்த கூரை, இப்போ சமீபமா தான் சுத்தம் பண்ணி இந்த நிறம் வெளிய வந்துச்சு.

அந்த பல்ப் விஷயம், தயவுசெஞ்சு நம்பாதீங்க. தரைக்கு அடில இருக்கிற ஒரு குறுகலான அறைல அந்த சிற்பம் இருக்கு. தாமரைப் பூவுல இருந்து பாம்பு வெளிய வருது, அவ்வளவு தான். ஹார்சோம்டஸ்ங்கிற தெய்வம் படைப்பு காலத்துல தாமரைல இருந்து பாம்பு ரூபத்துல தோன்றினதை காட்டுறது, பக்கத்துலயே எழுத்துல அதை எழுதியும் வச்சிருக்காங்க. அந்த அறைக்கு குனிஞ்சு தவழ்ந்து இறங்கணும், அம்மா வேணாம், நீங்க மட்டும் போய்ட்டு வாங்க.

மாடிக்கு போக ரெண்டு படிக்கட்டு, ஒண்ணு வளைஞ்சு வளைஞ்சு ஏறும், ஒண்ணு நேரா இறங்கும். புது வருஷத்தன்னைக்கு ஹாத்தோர் சிலையை பூசாரிகள் தூக்கிட்டு மேல போய் சூரிய வெளிச்சம் படுற மாதிரி வைப்பாங்க, நம்ம ஊர் உற்சவர் புறப்பாடு மாதிரியே. அந்த ஊர்வலம் முழுசும் படிக்கட்டு சுவர்ல செதுக்கி இருக்கு, நாமும் அதே வழியா அவங்க கூடவே ஏறுறோம், எனக்கு அங்க உடம்பு சிலிர்த்துச்சு. படி தேய்ஞ்சு தேய்ஞ்சு மெழுகு உருகின மாதிரி ஆயிடுச்சு, வழுக்கும், அம்மாவுக்கு இதுவும் வேணாம். மேல ராசி வட்டம் இருக்கிற அறை உண்டு, ஆனா இருக்கிறது நகல் தான். அசலை 1821ல ஒரு பிரெஞ்சுக்காரர் ரம்பமும் வெடிமருந்தும் வச்சு பெயர்த்து எடுத்துட்டு போயிட்டார், இப்போ பாரிஸ்ல லூவ்ர் மியூசியத்துல இருக்கு. அந்த கூரையை அண்ணாந்து பார்க்கும்போது கோபம் தான் வருது.

அம்மாவை கண்டிப்பா பின் சுவருக்கு கூட்டிட்டு போங்க, சமதரை தான். கிளியோபாட்ராவும் அவங்க பையன் சிசேரியனும் ஆள் உயரத்தை விட பல மடங்கு பெருசா நிக்கிறாங்க. இந்த கோயிலை ஆரம்பிச்சது கிளியோபாட்ராவோட அப்பா, ராஜா 12ம் டாலமி, கி.மு. 54ல. அப்புறம் நாட்டுல ஒரே குழப்பம், அடுத்து யார் ராஜான்னு தெரியாம உள்ள நிறைய இடத்துல ராஜா பேர் எழுதுற வளையத்தை வெட்டிட்டு பேரை எழுதாம காலியாவே விட்டுட்டாங்க, தேடிப் பாருங்க. பக்கத்துலயே பழைய தெப்பக்குளம் ஒண்ணு வத்திப்போய் உள்ள பேரீச்ச மரம் வளர்ந்து நிக்குது, அம்மா அங்க நிழல்ல உக்காரலாம்.

பழையபயணி:
தம்பியா தங்கச்சியா தெரியல, ஒரு விஷயம் சொல்றேன். ஜனவரி காலைல ஆத்துல குளிர் சாதாரணமா இருக்காது. காத்து பெரும்பாலும் வடக்குல இருந்து தான் வீசும், நீங்க வடக்கு பாத்து போறீங்க, மூஞ்சில அடிக்கும். அம்மாவுக்கு ஸ்வெட்டர், காதை மூட ஒரு சால்வை கண்டிப்பா. (பழைய எகிப்து எழுத்துல தெற்க போறதுன்னு எழுத பாய் விரிச்ச படகு, வடக்க போறதுக்கு பாய் இல்லாத படகு போடுவாங்க, இந்த காத்தால தான்.) மத்தியானம் கோயில்ல வெயில் சுள்ளுனு இருக்கும், அப்போ தொப்பி. சில்லறை நோட்டா எகிப்து பவுண்ட் கொஞ்சம் பைல வச்சுக்கோங்க, உள்ள காவலுக்கு நிக்கிறவங்க எதையாவது காட்டிட்டு பக்ஷீஷ், அதாவது டிப்ஸ் கேப்பாங்க. டிக்கெட் போட் காசுல அடங்குமான்னு முதல்லயே கேளுங்க, தனியா எடுக்கணும்னா கார்டு வேணும், பெரிய இடங்கள்ல கவுண்டர்ல கேஷ் வாங்குறதில்ல.

நீலத்தாமரை சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். வருஷத்துக்கு ஒரு தடவை ஹாத்தோரையே படகுல ஏத்தி இதே ஆத்துல தெற்க எட்ஃபுங்கிற ஊர் வரைக்கும் கூட்டிட்டு போவாங்க, புருஷன் ஹோரஸ் வீட்டுக்கு. திரும்பும்போது நீங்க போறதும் அவங்க போன அதே வழி, லக்சரை தாண்டி தான் அவங்க போயிருக்கணும். இருட்டினதும் உள்ள போயிடாம கொஞ்ச நேரம் மேல நில்லுங்க.

தூரத்துமேகம்:
தங்கச்சி தான் அண்ணா :) நாளைக்கே புக் பண்ணிடுறேன். கைடு மண்டபத்துல பேச ஆரம்பிச்சா நானும் அம்மாவும் நேரா பின் சுவருக்கு போயிடுறோம், அங்க இருந்து ஆரம்பிச்சு முன்னாடி வர்றோம். பஸ் நிக்கிற இடத்துல இருந்து கோயில் வாசலுக்கு எவ்வளவு தூரம்னு மட்டும் யாராவது சொல்லுங்க.

மணல்வீடு:
சில நூறு மீட்டர் இருக்கும், எல்லாம் சமதரை. அம்மா மெதுவா வரட்டும், நீங்க அவசரப்படாதீங்க.