டுபாய்க்கு ஒபிஸ் லப்டொப்போடு தனியாகப் போகிறேன், எதைக் கவனிக்க வேண்டும்?

வெள்ளவத்தை_கணக்கு எழுதியது:

வணக்கம். கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் டுபாயில் உள்ள வாடிக்கையாளர் ஒருவரின் கணக்குகளைப் பார்க்க ஒரு கிழமைக்கு என்னைத் தனியாக அனுப்புகிறார்கள். வேலை பழகினதுதான், பயமெல்லாம் லப்டொப்பை நினைத்து. அதில் அந்த வாடிக்கையாளருடைய கோப்புகள் மட்டும் இல்லை, இங்கே உள்ள வேறு கம்பனிகளின் சம்பளப் பட்டியல், வங்கிக் கூற்று, ஊழியர்களின் அடையாள அட்டை இலக்கம் என்று எல்லாம் கிடக்கின்றன. மேலாளரிடம் கேட்டால் "பாஸ்வேர்ட் போட்டிருக்குத்தானே, கவனமா வைச்சிருங்கோ" என்று முடித்துவிட்டார். எங்களுக்கென்று ஐ.டி. பிரிவு கிடையாது, தேவைப்படும்போது வெளியிலிருந்து ஒருவர் வந்து போவார்.

ஹோட்டல் வைஃபை பாவிக்கலாமா? வி.பி.என். (இணையப் போக்குவரத்தை மறைத்து வேறொரு கணினி வழியாக அனுப்பும் சேவை) அங்கே சட்டவிரோதம் என்று ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர். அதோடு விமானம் இறங்கவே நள்ளிரவு ஆகும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை_வயர் எழுதியது:

தங்கச்சி, முதலில் அந்த மற்றக் கம்பனிகளின் கோப்புகளை லப்டொப்பிலிருந்து எடுங்கள். டுபாய் வேலைக்குத் தேவையில்லாத ஒன்றும் உங்களோடு விமானம் ஏறக்கூடாது. ஒபிஸில் சும்மா கிடக்கிற லப்டொப் ஒன்று இருந்தால் அதைத் துடைத்து, இந்த ஒரு வேலைக்கான கோப்புகளை மட்டும் போட்டுக் கொண்டுபோவது எல்லாவற்றிலும் நல்லது. அது முடியாவிட்டால் மற்றவற்றை ஒபிஸ் சேர்வருக்கு மாற்றிவிட்டு இதிலிருந்து அழியுங்கள், குப்பைத்தொட்டியையும் காலியாக்குங்கள். ஒன்டிரைவ் போல இணையத்தில் கோப்பு சேமிக்கும் ஏதாவது பாவித்தால் அது லப்டொப்பிலும் ஒரு பிரதி வைத்திருக்கும், அதை மறக்க வேண்டாம்.

விண்டோஸ் பாஸ்வேர்ட் மட்டும் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் போட்டால் அந்தப் பாஸ்வேர்ட் இல்லாமலே எல்லாம் வாசிக்கலாம். டிஸ்க் முழுவதும் குறியாக்கம் செய்திருக்க வேண்டும், அதாவது சாவி இல்லாமல் யாரும் வாசிக்க முடியாதபடி மாற்றியிருக்க வேண்டும். அதற்கு விண்டோஸ் ப்ரோ என்றால் பிட்லொக்கர், மக் என்றால் ஃபைல்வோல்ட். பிட்லொக்கர் 48 இலக்கத்தில் ஒரு மீட்புச் சாவி தரும், அதை ஒபிஸில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள், லப்டொப் பையிலேயே வைத்தால் குறியாக்கம் செய்த பிரயோசனம் இல்லை. இன்னொன்று, லப்டொப்பை விட்டு எங்கே போனாலும் மூடியை மட்டும் சாத்தாமல் முழுதாக நிறுத்துங்கள், தூங்கும் நிலையில் இருந்தால் குறியாக்கச் சாவி நினைவகத்திலேயே இருக்கும்.

ஹோட்டல் வைஃபை பற்றி. இப்போது அநேகமான தளங்கள் குறியாக்கத்தோடுதான் வருவதால் நடுவில் இருக்கிறவன் அப்படியே வாசிப்பது கஷ்டம். ஆபத்து போலித் திரைகளில்தான். 2014இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட டார்க்ஹோட்டல் விவகாரத்தைத் தேடிப் பாருங்கள். ஆசிய ஹோட்டல்களில் தங்கிய கம்பனி அதிகாரிகள் அறை இலக்கத்தையும் பெயரையும் கொடுத்து வைஃபையில் நுழைந்ததும், வழக்கமான மென்பொருள் அப்டேட் ஒன்று இருக்கிறது என்று திரையில் வரும். அதை நிறுவியவர்களின் கணினிக்குள் உளவு மென்பொருள் போய்விட்டது. ஆகவே எல்லா அப்டேட்டையும் கொழும்பிலேயே முடியுங்கள், ஹோட்டலில் எது கேட்டாலும் நிறுவ வேண்டாம். ஒரு தளத்தின் சான்றிதழை நம்ப முடியாது என்று திரையில் எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டி அழுத்தவே வேண்டாம். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு, அதாவது போனின் இணையத்தை லப்டொப்புக்குக் கொடுத்து வேலை செய்வதுதான் என் தெரிவு.

கடல்காற்று எழுதியது:

அண்ணா சொன்னது சரி, ஆனால் எங்கள் சிம்மில் ரோமிங் போட்டு ஹொட்ஸ்பொட் கொடுத்தால் பில் தாங்காது. அங்கே இறங்கியதும் உள்ளூர் சிம் அல்லது இ-சிம் எடுங்கள் அக்கா. அதற்காக இலங்கை சிம்மைக் கழற்றி வைக்கவும் வேண்டாம், வங்கி ஓ.டி.பி. எல்லாம் அந்த நம்பருக்குத்தானே வரும். இங்கிருந்து புறப்பட முதலே ரோமிங்கைச் செயற்படுத்திவிட்டு, அதில் டேட்டாவை மட்டும் நிறுத்தி வையுங்கள். மின்னஞ்சலுக்கு, உள்நுழையும் குறியீட்டைப் போனிலேயே காட்டும் ஓதென்டிகேட்டர் செயலி போட்டு, மின்னஞ்சல் சேவை தரும் மாற்றுக் குறியீடுகளை ஒரு தாளில் எழுதி போன் இல்லாத பையில் வையுங்கள். போன் தொலைந்தால் எல்லாக் கதவும் ஒன்றாகப் பூட்டிவிடும், அந்நிய ஊரில் தனியாக இருக்கும்போது அது பெரிய இடைஞ்சல்.

வி.பி.என். முழுதாகத் தடை இல்லை. அதைக் குற்றம் செய்யவோ குற்றத்தை மறைக்கவோ பாவித்தால்தான் சட்டம் பிடிக்கும், பிடித்தால் அபராதம் 5 இலட்சம் திர்ஹாமிலிருந்து 20 இலட்சம் வரை. கம்பனி தன் உள்வலையமைப்புக்குப் போகப் பாவிக்கும் வி.பி.என்.னுக்கு இடமுண்டு. சில பேர் வாட்ஸ்அப் கோல் எடுக்க இலவச வி.பி.என். போடுவார்கள் (அங்கே செய்தி போகும், கோல் போகாது). அதைச் செய்ய வேண்டாம். இலவச வி.பி.என். நடத்துகிறவன் யாரென்றே தெரியாமல் எங்கள் போக்குவரத்து முழுவதையும் அவன் கையில் கொடுப்பது எனக்கு ஹோட்டல் வைஃபையை விடப் பயம். வீட்டுக்குக் கதைக்க என்ன வழி என்று போக முதலே பேசி முடிவெடுங்கள்.

நள்ளிரவில் இறங்குவதைப் பற்றி: விமான நிலையத்திலேயே பெண்கள் ஓட்டும், கூரை இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும் டாக்ஸி உண்டு, வரிசையில் நின்று எடுக்கலாம். வெளியில் நின்று அழைக்கிறவர்களோடு போக வேண்டாம். ரசீதைக் கட்டாயம் வாங்குங்கள், ஏதாவது விட்டுவிட்டு இறங்கினால் வண்டியைத் தேட அதுதான் உதவும். பொலிஸ் இலக்கம் 999.

கோட்டை_வழக்கு எழுதியது:

மேலாளரின் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தப் பொறுப்பை நிறுவனத்தின் தலையில்தான் வைக்கிறது, பயணம் போகும் ஊழியரின் தலையில் இல்லை. ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்கவும் அதில் இடமிருக்கிறது. அந்தச் சம்பளப் பட்டியலில் உள்ளவர்களுக்குத் தங்கள் விபரம் விமானம் ஏறுவதே தெரியாது, அவர்களுக்காகவாவது கேளுங்கள். எந்தக் கோப்புகளைக் கொண்டுபோகலாம், லப்டொப் தொலைந்தால் இரவானாலும் யாருக்குச் சொல்வது, தூரத்திலிருந்து உங்கள் உள்நுழைவுக் கணக்குகளைப் பூட்டப்போவது யார் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள், வாய்ப்பேச்சில் விட வேண்டாம். டுபாயில் இரவு 11 என்றால் இங்கே 12.30, தொலைபேசி எடுக்கக்கூடிய ஒருவராக இருக்க வேண்டும். தொலைந்தால் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்காமல் உடனே சொல்லுங்கள், அங்கேயே பொலிஸில் முறைப்பாடும் போடுங்கள்.

வெள்ளவத்தை_கணக்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், பழைய லப்டொப் ஒன்றைத் துடைத்துத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். வாடிக்கையாளரின் இடத்துக்குப் போகாத நேரங்களில் லப்டொப்பை ஹோட்டல் அறைப் பெட்டகத்தில் வைக்கலாமா?

கொட்டாஞ்சேனை_வயர் எழுதியது:

வைக்கலாம், ஆனால் விருந்தினர் குறியீட்டை மறந்தால் திறக்க ஹோட்டல்காரரிடம் வேறு வழி இருக்கும், ஆகவே பெட்டகத்தை மட்டும் நம்பாமல் முழுதாக நிறுத்திவிட்டு வையுங்கள். சாப்பிடக் கீழே போகும்போது கூடவே கொண்டுபோனாலும் பரவாயில்லை. பவர் பேங்க்கை மட்டும் கைப்பையில் வையுங்கள், பெரிய பயணப்பையில் போட விட மாட்டார்கள்.